பின்னாலிருந்து கூப்பிட்டவள்

போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்கிறார்கள். சரி, விளங்காமல் போகட்டும். ஆளே செத்துப்போனால் மட்டும் காரியம் விளங்கிவிடுமா? இதை நான் கேட்காத ஆள் எங்கள் தெருவில் இல்லை. பதில் சொன்ன ஆளும் இல்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம். கட்டுமரத்தைக் கடல் கொண்டுபோன பிறகு, என் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு கொடுத்தார்கள். படகைக் கொடுத்த மகராசர்கள் எஞ்சினைக் கொடுக்கவில்லை. பின்னால் வரும் என்றார்கள். எத்தனை நாள் படகைக் கரையில் வைத்து அழகு பார்ப்பது? எங்கிருந்தோ ஒரு பழைய பாயை வாங்கிவந்து, மூங்கில் நட்டு, பாய் கட்டியே போய்விடுவது என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள்.

கடலூரில் பெரிய கப்பல் உள்ளே வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். உர மூட்டைகளைப் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் இறக்கி, அதை ஒரு டக் படகு இழுத்துக்கொண்டு ஆற்று முகத்துவாரத்துக்குள் வரும். இரண்டு பக்கமும் கல் கொட்டிய கரை, ஆழம் நடுவில்தான். சுமையோடு வருகிற பார்ஜால் சட்டென்று நிற்கவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. சின்னப் படகுதான் ஓரம் கட்ட வேண்டும். இது நியாயமா என்றால் இல்லை. ஆறு என்ன அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா? ஆனால் வீடு மாதிரி ஒன்று எதிரே வரும்போது நடுவில் நின்று நியாயம் பேச முடியாது. உயிரோடு கரையேறிவிட்டு அப்புறம் சண்டை போடலாம்.

அன்று காலையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், பட்டாசு எல்லாம் ஆயிற்று. "படகு கெளம்பினப்புறம் பொம்பளைங்க யாரும் கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன்" என்று கொழுந்தன் எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஏறினான். நாங்கள் கல்கரையில் நின்றோம். படகு எங்களைத் தாண்டிப் போனது. காற்று நிலத்திலிருந்து பின்னால் அடித்ததால் பாய் விரிந்து படகின் முகப்பையே மறைத்துவிட்டது. வீட்டுக்காரர் பின்னால் சுக்கான் துடுப்போடு, கொழுந்தன் பாய்க் கயிற்றோடு. எதிரே என்ன வருகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

முகத்துவாரத்தில் பார்ஜ் திரும்பியது. டக் ஹாரன் அடித்தது. நம்ம ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையை ஆட்டினார்கள்! படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் டக் ஒன்று புதுப் படகுக்குச் சலாம் போடுகிறது என்று நினைத்தார்களாம்.

கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று ஒருத்தி சொல்லட்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "மாரியாத்தா, காப்பாத்து" என்று ஒருத்தி முனகினாள். மாரியாத்தாவா வந்து சுக்கான் பிடிப்பாள்? நான் பிச்சாவரத்துப் பக்கம் பிறந்தவள். அங்கே காட்டு வாய்க்காலில் வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டுதான் படகு விடுவோம். எனக்கு வாயைப் பொத்தத் தெரியாது.

"யோவ்! எதுருல பார்ஜு வருதுய்யா! கரைக்குத் திருப்புய்யா!"

வீட்டில் மாமா என்று கூப்பிடுகிறவரை ஊருக்கு நடுவில் யோவ் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, துடுப்பை அப்படியே ஒடித்துத் திருப்பினார். படகு கல்லில் போய் முட்டியது. மூங்கில் முறிந்து பாய் கொழுந்தன் தலையில் விழுந்தது. பக்கத்திலேயே பார்ஜ் போனது. டக்கில் இருந்தவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பாய்க்கு அடியிலிருந்து வெளியே வந்த கொழுந்தன் முதலில் என்ன சொன்னான் என்று கேளுங்கள். "அண்ணி, கூப்ட்டீங்களே!"

அன்று பிடித்தது இந்தப் பழி. வலை கிழிந்தால் என் வாய். மீன்பாடு குறைந்தால் என் வாய். அப்புறம் எஞ்சின் வந்தது, அது ரிப்பேரானாலும் என் வாய். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வீட்டுக்காரரே ஒரு நாள் கோபத்தில், "அன்னிக்கு நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். "இருந்திருந்தா இன்னேரம் ஒனக்குப் படையல் போட்டுக்கினு இருப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் யார் புதுப் படகு இறக்கினாலும் என்னைக் கரைக்கு வரவேண்டாம் என்றார்கள்.

சில வருஷம் கழித்துக் கொழுந்தன் கல்யாணமாகி, தனிப் படகு வாங்கினான். "அண்ணிய மட்டும் வர வேணாம்னு சொல்லுண்ணே" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினான். யார் கத்தியதால் அவன் கல்யாண மாலை போட்டான்?

படகு இறக்குகிற காலையில் அவன் பெண்டாட்டி பின்வாசல் வழியாக வந்தாள்.

"அக்கா, நீங்க வந்து நில்லுங்கக்கா. கடல்ல கப்பல் நிக்குது, பார்ஜு போய்க்கினும் வந்துக்கினும் இருக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் கத்துவீங்க."

"ஏன், ஆண்டவன் ஒனக்கு வாய் வெக்கிலியா?"

"வெச்சிருக்கான்க்கா. அப்புறம் உங்கள பேசற மாரி என்னையும் பேசுவாங்க."

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. வாசனைக்குப் போட்டுவிட்டுப் பொறுக்கி எறிகிற கறிவேப்பிலையா நான்? ஆனால் அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. எஞ்சின் இருந்தால் என்ன, மணல் தூர்ந்து முகத்துவாரம் இன்னும் ஒடுங்கியிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கல்கரையில் எல்லோருக்கும் முன்னால் நின்றேன். கொழுந்தன் என்னைப் பார்த்தான், முகம் சுருங்கிப்போயிற்று. நான் அசையவில்லை.

அன்று பார்ஜ் எதிரே வரவில்லை. படகு அதுபாட்டுக்குக் கடலுக்குப் போனது. திரும்பி வரும்போது படகு நிறைய மத்தி. தெருவே கொண்டாடியது. படகின் ராசி என்றார்கள், கொழுந்தனின் கைராசி என்றார்கள், அவன் பெண்டாட்டி வந்த நேரம் என்றார்கள். அண்ணிக்காரி வந்து நின்ற ராசி என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.