கார் இல்லாத வீட்டுக்கு ஒரு லிஃப்ட்

எங்கள் வீட்டில் கார் ஷெட் உண்டு, கார் கிடையாது. சவூதியில் இருந்த அப்பா, வீடு எப்படி இருக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிச் சொல்லிக் கட்டவைத்தார். தெருவில் எல்லாரும் விடுகிறார்களே என்று ஷெட்டுக்கும் முன்பக்கம் இடம் விடச் சொல்லியிருந்தார். திருமங்கலத்தில் ரயில் பாதையைத் தாண்டி இருந்த எங்கள் தெருவில் அப்படிக் கார் பார்க்காத ஷெட்டுகள் வேறு சிலவும் இருந்தன. எங்களுடையதில் விறகும், தவிட்டு மூட்டையும், அம்மாவின் காற்றுப் போன சைக்கிளும் கிடந்தன. நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், அந்த ஷெட்டில் மாட்டுவதற்காக அப்பா கார் தூக்கும் லிஃப்ட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்பா சவூதியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். எனக்கு அவரைக் குரலாகத்தான் அதிகம் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் வந்து, நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்லும் குரல். எப்போதாவது அட்டைப்பெட்டிகளோடு நேரில் வருவார். பெட்டியிலிருந்த சோப்பு வாசனை வீட்டைவிட்டுப் போவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். இந்த முறை அப்படிக் கிளம்பவில்லை. அவர் இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மதுரையில் இருந்த ஏஜெண்ட் வேறு கம்பெனியில் இடம் பார்ப்பதாகச் சொல்லி, அவ்வப்போது போன் செய்துகொண்டிருந்தார்.

அப்பாவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். வீட்டிலிருந்த கதவுக் கீல்கள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு முடித்தார். பிறகு மின்விசிறிகளைக் கழற்றினார். மிக்ஸியைக் கழற்றினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரையும் விடவில்லை. எல்லாம் முன்னைவிடச் சத்தமில்லாமல் ஓடின. ஆனால் மாவு ஆட்டப் போகும்போதெல்லாம் கிரைண்டர் பாதி உடம்போடு பேப்பரில் கிடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அம்மா பக்கத்து வீட்டில் போய் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு அவர் எப்போது போவார் என்றிருந்தது. கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த என் இடம் போய்விட்டது. போதாததற்கு, அவரிடம் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். என் சைக்கிள் செயினை இறுக்கிக் கொடுத்தார். அதற்கு மறுநாள் அது சரியாக இல்லை என்று சொல்லிக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான், டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு செய்தி கொண்டுவந்தார். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனை மூடுகிறார்களாம், சாமான்களையெல்லாம் விற்கிறார்களாம். பேச்சுக்குச் சொன்னதுதான். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார். திரும்பி வந்தவர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, இரண்டு தூண்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். தூண்களிலிருந்து நீளும் கைகள் காரை அடியில் தாங்கிப் பிடித்து ஆள் உயரத்துக்குத் தூக்குமாம். சவூதியில் அவர் வேலை பார்த்ததும் அதே மாதிரி ஒன்றில்தானாம்.

"அத வாங்கி என்ன செய்யப் போறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஷெட்டுல மாட்டணும்."

"மாட்டுனா அப்புறம் கழட்ட முடியுமா?"

"கழட்டலாம். தரையப் பேத்துத்தான் கழட்டணும்."

அம்மா மறுநாள் காலையில் ஷெட்டிலிருந்த விறகைக் கொல்லையில் கொண்டுபோய் அடுக்க ஆரம்பித்தாள்.

லிஃப்டை எடுத்துவர மாமா தன் சிநேகிதருடைய டிராக்டரை டிரெய்லரோடு ஓட்டிக்கொண்டு வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் கூட அனுப்பினாள் அம்மா. விற்பவர் வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு, எந்த ஊரில் ஒர்க்‌ஷாப் என்று அப்பாவிடம் விசாரித்தார். ஒர்க்‌ஷாப் இல்லை, வீட்டுக்குத்தான் என்றார் அப்பா. வீட்டில் என்ன கார் என்று அவர் அடுத்துக் கேட்டதும் அப்பா குனிந்து ஆயில் குழாயை மும்முரமாகப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டார். கார் இனிமேல்தான் வாங்க வேண்டும் என்று மாமாதான் சொன்னார். விற்பவர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளைக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கும்படி உள்ளே குரல் கொடுத்தார்.

தூண்கள் டிரெய்லரைவிட நீளமாக இருந்தன. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டினார்கள். அப்பா தூண்கள்மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆடாத கயிற்றையெல்லாம் அசைத்துப் பார்த்துக்கொண்டும், எதிரில் லாரி வரும்போதெல்லாம் பாதி எழுந்துகொண்டும் வந்தார். சமயநல்லூர், பழங்காநத்தம், திருப்பரங்குன்றம் என்று டிராக்டர் வேகத்தில் ஊர்கள் மெதுவாக வந்தன. பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஒருவர் இது கோயில் கொடிமரமா என்று கேட்டார். மாமா ஆமாம் என்று சொல்லி வைத்தார்.

வீட்டை நெருங்கியபோதுதான் வினை வந்தது. எங்கள் ரயில்வே கேட்டை டிராக்டர் கடந்தது, டிரெய்லரும் கடந்தது. அந்த நேரம் பார்த்து முன்னால் போன மினிபஸ் இஞ்சின் அணைந்து நின்றுவிட்டது. தூண்களின் வால் இன்னும் கேட்டுக்கு அடியிலேயே இருந்தது. கேட்கீப்பர் இறக்கிய கம்பம் சிவப்புத் துணிமேல் வந்து உட்கார்ந்தது, அதற்குமேல் இறங்கவில்லை. கேட் மூடாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது. தூரத்தில் ரயில் வந்து நின்று கூவியது. நிறுத்தாமல் கூவியது. கேட்கீப்பர் ஏதேதோ சொல்லித் திட்டினார், இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன, மாமா என்ன செய்வதென்று தெரியாமல் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் அழத் தயாராகிவிட்டேன்.

அப்பா குதித்து இறங்கினார். வேகமாக நடந்து மினிபஸ்ஸுக்குப் பின்னால் போய், அதில் கை வைத்து நின்று, சுற்றிப் பார்த்து ஆட்களைக் கூப்பிட்டார். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "யல்லா, யல்லா" என்று அரபியில் கத்தினார். சீக்கிரம் வாங்க என்று அதற்கு அர்த்தம் என்பது திருமங்கலத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். மினிபஸ் நகர்ந்தது, டிராக்டர் நகர்ந்தது, கேட் மூடியது. ரயில் போகும்போது ஜன்னலில் இருந்தவர்கள் எங்களைத்தான் பார்த்தார்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. முகம் சிரித்தபடி இருந்தது.

மாட்டுகிற வேலை மறுநாளே தொடங்கியது. தூணின் உயரத்துக்கு ஷெட் போதாமல் இரண்டு கூரைத் தகடுகளைக் கழற்றினார்கள். மரங்களை முக்காலியாகக் கட்டி, செயின் புல்லி மாட்டி, ஒரு தூணைத் தூக்கி நிறுத்தி, ரசமட்டம் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்த்து, அப்பா தரையில் துளை போட்டார். போல்ட்டை இறக்கி முடுக்கினார். போல்ட் பிடிக்கவில்லை. முடுக்க முடுக்க நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு அதைச் சுற்றி சிமெண்ட் பொடிப்பொடியாகக் கிளம்பி, ஒரு விரிசல் சுவர் வரைக்கும் ஓடியது. காருக்கென்று போட்ட தரைதான். ஆனால் கார் வராது என்று தெரிந்தே கொத்தனார் மெல்லிசாகப் போட்டிருந்தார்.

அப்பா தூணை இறக்கிப் படுக்கவைக்கச் சொன்னார். கூலியாட்கள் போனபிறகும் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு விரிசலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அப்புறம் உள்ளே வந்து அவரே ஏஜெண்டுக்குப் போன் போட்டார்.

"நான் வாரேன். எந்தக் கம்பெனின்னாலும் சரி. தேதிய மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா போகப்போறாராம் என்று அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா திரும்பாமல் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மேலே பரணிலிருந்து பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வர அப்பா மதுரைக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கோ போய், வேறொரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொத்தனார் ஷெட்டைப் பார்த்து யோசித்தார், ஐயா வரட்டுமே என்றார். அம்மா கொல்லையிலிருந்த கடப்பாரையை எடுத்துவந்து விரிசலில் அவளே ஒரு போடு போட்டாள். தரை பெயர்ந்து வந்தது. வேறு வழியில்லாமல் கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டினார்.

மத்தியானம் அப்பா வந்தபோது தூண்கள் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. வாசலில் நின்று, என்ன இது என்று கேட்டார்.

"தரை பத்தலன்னு நீங்கதான சொன்னீங்க. எம்புட்டு ஆழம் வேணும்னு கொத்தனார் கேக்குறாரு. அதச் சொல்லிட்டுப் போங்க."

அப்பா எங்கே போவது என்று கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினார். முழங்கையால் அளந்தார். போதாது என்றார்.

கம்பி கட்டி, கனமாகக் காங்கிரீட் போட்டார்கள். அது இறுகும் வரைக்கும் மண் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். காலையில் அம்மாவும் பள்ளிவிட்டு வந்து நானும் ஊற்றுவோம். அப்பாவுக்குத்தான் செய்ய வேலை இல்லை. ஷெட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். கூடத்து மூலையில் இறக்கிய பெட்டி அப்படியே இருந்தது. துணி வைக்கவும் இல்லை, பரணுக்குத் திரும்பவும் இல்லை. போன் மணி அடித்தால் அப்பா நின்றுவிடுவார். அம்மாவும் கையிலிருந்த வேலையோடு நின்றுவிடுவாள். நான்தான் ஓடிப்போய் எடுப்பேன். ஏஜெண்ட், டிக்கெட் இந்தா வருது அந்தா வருது என்பார். அப்பா ஷெட்டுக்குப் போய்க் குனிந்து காங்கிரீட்டை விரலால் தட்டிப் பார்ப்பார்.

"மச்சான், அது தட்டுனா பொரிக்கிற முட்டை இல்ல. கொஞ்சம் சும்மா விடுங்க" என்றார் மாமா.

கடைசியில் தூண்களை மறுபடி நிறுத்தினார்கள். இந்த முறை போல்ட் பிடித்தது. அப்பா நீளமான ஸ்பேனரில் உடம்பையே சாய்த்து முடுக்கினார். இரும்பு கிறீச்சிட்டது, தரை அசையவில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அம்மா வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கரண்டுக்குப் பழைய மோட்டார் ஓடாது என்று அப்பா வேறு மோட்டார் மாற்றினார். இரும்புக் கயிறு கோத்து, ஆயில் ஊற்றி, கார் இல்லாமல் கைகளை மட்டும் ஏற்றி இறக்கினார். பார்க்க வந்த தெருக்காரர்கள், கார் எங்கே என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

வேறு கார் ஏது? மாமாவின் அம்பாசடர்தான். மாமாவுக்கு மனசே இல்லை. "மச்சான், எனக்குச் சோறு போடுறது இது ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே விட்டார். விட்டுவிட்டுத் தெருவுக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்பா கைகளை இழுத்து வண்டிக்கடியில் பொருத்தி, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்து, பொத்தானை அமுக்கினார். சக்கரங்கள் தரையைவிட்டன. டக், டக் என்று தூண்களில் பூட்டு விழ விழ அம்பாசடர் மேலே போனது. கழற்றிய கூரை வழியாக அதன்மேல் வெயில் விழுந்தது. போதுமான உயரத்தில் நிறுத்தி, அப்பா வண்டியைப் பிடித்து உலுக்கினார். அது ஆடவில்லை. பிறகு அதற்கடியில் போய் நிமிர்ந்து நின்றார். அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றார். அவர் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மாமாவின் வண்டியில் அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத பல கோளாறுகள் அன்றைக்கே தெரியவந்தன. அப்பா அவற்றில் இறங்கிவிட்டார். அப்போதுதான் போன் வந்தது. டிக்கெட் கையில் இருப்பதாகவும், அப்பா உடனே பேச வேண்டும் என்றும் ஏஜெண்ட் சொன்னார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா கையை வண்டிக்குள் விட்டிருந்தார். எடுக்காமலே சொன்னார்.

"அப்பா இல்லன்னு சொல்லு பாப்பா."

திரும்பி ஓடினேன். நான் போவதற்குள் அம்மா ரிசீவரைக் கையில் எடுத்திருந்தாள். ஷெட் அங்கிருந்து தெரியும், ஷெட்டில் பேசுவதும் கேட்கும். அந்தப் பக்கம் ஏஜெண்ட் சத்தமாக ஏதோ கேட்பது எனக்கே கேட்டது.

"அவரு வேலையில இருக்காரு" என்று அம்மா சொன்னாள்.

ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏஜெண்ட் அம்மாவைத் திட்டிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஷெட்டுக்கு ஓடி, அந்த ஆள் அம்மாவை அழவைத்துவிட்டார் என்று அப்பாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் வந்தார். முழங்கைவரை கிரீஸோடு எதையும் தொட முடியாமல் நிலைப்படியில் நின்றார். அந்த ஆளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

இவர்கள் இருவரையும் நம்பிப் பயனில்லை என்று முடிவுசெய்தேன். ஏஜெண்ட் மறுபடி போன் செய்தால் நானே கேட்பதாக இருந்தேன். என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, அன்று சாயங்காலம் முழுவதும் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. பயந்துவிட்டார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.