ஃபாயிஸா ஏறாத படகு

கே.கே. நகரில் பல் கிளினிக் நடத்தும் ஸ்வர்ணாவுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் படகுப் பைத்தியம் பிடித்தது. மழை பெய்து வண்டியூர்க் கண்மாய் நிரம்பிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தண்ணீரில்தான் பார்க்கலாம். ஒல்லியான இரண்டு மிதவைகளை வலைத்துணியால் இணைத்துப் பாய் கட்டிய சின்னக் கேட்டமரான் அவளுடையது. அவள் சுக்கான் பிடிப்பாள். காஜிமார் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் ஃபாயிஸா பாய்க்கயிறு இழுப்பாள்.

அந்தக் கண்மாயில் நடக்கும் படகுப் பந்தயங்களுக்குப் புள்ளி போடுகிறவர் ஸ்வர்ணாவின் கணவர் துளசிராம். முதலில் வரும் படகுக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு. எல்லாப் பந்தயங்களும் முடிந்ததும் கூட்டுத்தொகை யாருக்குக் குறைவோ அவர்களுக்குக் கோப்பை.

போன தை மாதம் கடைசிப் பந்தயத்துக்கு முன் ஸ்வர்ணாவும் பழக்கடை யூனுஸும் சமமாக நின்றார்கள். அன்று பார்த்து ஃபாயிஸாவின் மகளுக்குக் காய்ச்சல். ஸ்வர்ணா தனியாகவே படகை எடுத்துக்கொண்டு போய், மெல்லிய காற்றில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தாள். யூனுஸே கைதட்டினார். துளசிராம் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு பேர் ஓட்ட வேண்டிய படகு இது, இந்த ஓட்டம் செல்லாது என்றார்.

"ரெண்டு பேரு பாக்குற வேலைய ஒருத்தியா பாத்திருக்கேன். அதுக்குத் தண்டனையா?" என்றாள் ஸ்வர்ணா.

"ஆளு கொறைஞ்சா எடையும் கொறையுதுல்ல."

கோப்பை யூனுஸுக்குப் போனது. அதன் பிறகு ஆனையூர் வீட்டில் ஸ்வர்ணா கணவரிடம் வாட்ஸாப்பில்தான் பேசினாள். சாம்பார் அடுப்பில் இருக்கிறது என்ற செய்தி அடுப்படியிலிருந்தே கூடத்துக்கு வந்தது. பிறகு அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. எல்லோரும் ஒருமுறை இரண்டு பேராகவும் ஒருமுறை தனியாகவும் ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று படகுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். தன் பக்கம்தான் நியாயம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிறும் காற்று மெல்லியதாகவே இருந்தது. தனியாக ஓட்டியபோது ஒரு படகு விடாமல் எல்லாமே வேகமாக வந்தன. எப்போதும் கடைசியில் வரும் தங்கப்பாண்டிகூட, ஸ்வர்ணாவும் ஃபாயிஸாவும் சேர்ந்து வந்ததைவிடச் சீக்கிரம் கரை சேர்ந்துவிட்டார். ஸ்வர்ணாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தங்கப்பாண்டி அண்ணனே இம்புட்டு வேகமா வாராருன்னா, அன்னைக்கி நான் செயிச்சது என் கெட்டிக்காரத்தனம் இல்ல. கோப்பை உங்களுக்குத்தான் யூனுஸ் பாய்," என்றாள்.

ஆனால் அத்தோடு விடவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்காக ஒரு படகையே கரையில் நிறுத்துவதும் நியாயமில்லை என்று வாதாடினாள். தனியாக வருகிறவர், வராத ஆளின் எடைக்குத் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு போகட்டும் என்றாள்.

"காத்து படகச் சாய்க்கிறப்ப ஆளு மாதிரி கேன் எந்திரிச்சு எதிர்ப்பக்கம் சாயாதே. அது ஒனக்கு நட்டமாச்சே," என்றார் துளசிராம். தனக்காக அவர் வாதாடுகிறார் என்பது புரிந்ததும் அவளுடைய மீதிக் கோபமும் போயிற்று. பேசிப் பேசி, எடையில் பாதிக்குக் கேன் என்று முடிவாயிற்று.

எல்லோருடைய எடையையும் பார்ப்பதில்தான் சிக்கல். "ஊருக்கு முன்னாடி மிஷின்ல ஏற மாட்டேங்க்கா," என்று ஃபாயிஸா மறுத்துவிட்டாள். கடைசியில் கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்வர்ணாவே ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்து, கேன் கணக்கை மட்டும் கணவரிடம் சொன்னாள்.

இந்த மார்கழியில் ஃபாயிஸா உறவுக்காரர் நிக்காஹுக்குக் காயல்பட்டினம் போயிருந்தாள். ஸ்வர்ணா கேன்களைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு மூன்றாவதாக வந்தாள். சாயங்காலம் ஃபாயிஸா போனில் கூப்பிட்டதும், கேன் எதிர்த்துப் பேசாமல் வந்தது, ஆனால் கயிறுதான் இழுக்கவில்லை என்றாள் ஸ்வர்ணா.