மகளுக்காகப் பூசிய சுவர்

தொண்ணூறுகளின் கடைசியில், பூஜைப் பண்டிகை முடிந்து குளிர் தொடங்கிய சமயம், பாலிகஞ்சில் எங்கள் வீட்டுப் பின்னறைச் சுவரைக் கொத்திப் பூசினோம். என் மகள் அப்போது ஏழு மாத கர்ப்பிணி. சால்ட் லேக்கில் கணவரோடு இருந்தாள். ஒரே ஊர்தான், ஆனாலும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் வருவேன் என்று அவளே ஆசைப்பட்டாள்.

அது அவள் வளர்ந்த அறை. மேற்குச் சுவரில் இடுப்புயரம் வரை ஈரம் ஏறி, பூச்சு உப்பி, தொட்டால் மாவாக உதிரும். வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். 'நோனா' என்பார்கள் இங்கே. ஒவ்வொரு வருஷமும் பெயின்ட் அடித்து மறைப்போம். அடுத்த மழைக்கு மறுபடி வந்துவிடும்.

"பச்சைக் குழந்தையை இந்த வாடையில படுக்க வைக்க முடியாதுங்க," என்றேன் என் கணவரிடம். அவர் பேங்குக்கு லீவு போட்டு மிஸ்திரியைக் கூட்டிவந்தார்.

மிஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் பின்பக்கம் உடைந்திருந்தது. முதலில் அதை மாற்றினார். வெளிச்சுவரின் விரிசல்களை அடைத்து, தண்ணீர் இறங்காத கலவையைப் பூசினார். பிறகு உள்ளே பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, காயட்டும் என்று விட்டார். நான் பகலெல்லாம் டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

மகள் தினமும் போன் செய்வாள்.

"செங்கல் காஞ்சுதாம்மா?"

"காயுது. நீ வர்றதுக்குள்ள ஆயிடும்."

"மஞ்சள் அடிக்கச் சொல்லு. ரொம்பக் கண்ணைக் குத்தாம, வெண்ணெய் மாதிரி."

ஒருவழியாகப் பூச்சும் முடிந்தது. காலையும் மாலையும் தண்ணீர் அடித்துவாருங்கள், விட்டால் வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார் மிஸ்திரி. அன்று மாலை போனில் மகளிடமும் அதைச் சொன்னேன். மறுநாள் மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். வயிற்றில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை.

ஆனாலும் அவள் பெற்றுத்தான் ஆக வேண்டியிருந்தது. பெண் குழந்தை. ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். மகள் மருந்து மயக்கத்தில் கிடந்தாள். அவள் விழிப்பதற்குள் மருமகனும் என் கணவரும் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது, "அம்மா வீட்டுக்கு," என்று மட்டும் சொன்னாள். ஹாலில் படுக்கை போட்டேன். பின்னறைக் கதவைச் சாத்திவைத்தேன். சுவரின் நினைப்பே எங்கள் யாருக்கும் இல்லை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் படுக்கையில் அவள் இல்லை. பின்னறை திறந்திருந்தது. கையில் மக்கோடு நின்று, ஈரம் வற்றிப்போன சிமென்ட் பூச்சில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது. சுவரில் பட்டுத் தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, பால்.

"தண்ணி அடிக்கலேன்னா வெடிச்சுடும்னு சொன்னியேம்மா," என்றாள்.

மக்கை வாங்கப் போனேன். தரவில்லை. தோளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தேன். என் மடியில் தலையை வைத்து, அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். என் கணவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, மக்கை எடுத்து, மீதிச் சுவருக்கும் அவரே தண்ணீர் அடித்தார்.

பெயின்டர் வந்து என்ன நிறம் என்று கேட்டபோது, எங்களை முந்திக்கொண்டு அவளே, "ஷாதா," என்றாள். வெள்ளை. குளிர் முடியும்போது சால்ட் லேக்குக்குத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து ஒரு மழை நாளில் அவள் வந்திருந்தாள். இருவரும் ஹாலில் படுத்திருந்தோம். திடீரென்று கேட்டாள்.

"அவ யார் மாதிரிம்மா இருந்தா?"

"உன்னை மாதிரி. மூக்கு மட்டும் அவ அப்பாவோடது."

என் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"முடி இருந்துதா?"

"நிறைய இருந்துது," என்றேன்.