ஆரஞ்சு நிறத் தண்ணீர்

கல்யாணமான நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டைகளில் பாதி கக்கூஸைப் பற்றியது. அவர் போய்விட்டு வந்தால் பிளஷ் தண்ணீர் இழுக்க மாட்டார். கேட்டால், "மறந்துட்டேன்லா" என்பார். இரண்டு பேருமே பீடோர் பக்கத்தில் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூஸில் இழுப்பதற்கு ஒன்றும் கிடையாது, அது உண்மைதான். ஆனால் பால் வெட்டிய கித்தா மரமெல்லாம் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, நாங்கள் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்து எத்தனை காலம் ஆகிறது? நான் பழகிக்கொள்ளவில்லையா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவருக்கு நோய் வந்த பிறகு அந்தப் பழமொழியை நான் சொல்வதில்லை.

அவர் லோரி ஓட்டுபவர். ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலைக்குச் சாமான் ஏற்றிப் போவார். கூடவே போகும் உதவியாள் இவரைவிட வயதில் மூத்தவர். அந்த மனிதர் பல மாதமாக இருமிக்கொண்டே வேலைக்கு வந்தார். ஏர்கோனைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாள் முழுக்க இரண்டு பேரும் அந்தச் சின்ன இடத்தில் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு போய் வந்தார்கள். அந்த மனிதர் வேலையை விட்டு நின்ற கொஞ்ச காலத்தில் இவருக்கு இருமல் பிடித்தது. ஐஸ் தண்ணீர் என்றார், ஏர்கோன் குளிர் சேரவில்லை என்றார். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். காலையில் தலையணை உறை நனைந்து கிடக்கும். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தது நான்தான். இரண்டாவது ஓட்டையும் போட வேண்டி வந்தபோது, சொல்லிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துக் கபம் எடுத்து வரச் சொன்னார்கள். அங்கே ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தாள், நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கெட்டிக்காரி. கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான இடத்தைக் காட்டி, "எச்சி வேணாண்ணே. நல்லா மூச்ச இழுத்து, நெஞ்சுலேருந்து காறி எடுங்க" என்றாள். அந்தக் கபத்தில்தான் கிருமி இருந்தது. காசநோய் என்று சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது தட்டும் கிளாசும்தான். எதைத் தனியாக வைப்பது என்று கேட்டேன்.

"தட்டுல ஒட்டாதுக்கா. இருமுனா, பேசுனா, காத்துல வரும். நீங்க மொதல்ல சன்னல தெறந்து வைங்க" என்றாள் மிஸ்ஸி. எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் நெஞ்சு சுத்தமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரே மகள் கல்யாணமாகித் தஞ்சோங் மாலிமில் இருக்கிறாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். விஷயம் தெரிந்ததும் சம்பந்தியம்மா போனில் பதமாகத்தான் பேசினார்: "அண்ணனுக்கு நல்லாவட்டும். அப்பறம் பாப்போம்." அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே, "எம் பேரப்புள்ள இந்த வீட்டுக்கு வராதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் தினமும் கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். சிவப்புக் கேப்சூலால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்படியும் முதல் நாள், "ஐயோ, ரத்தம்!" என்று ஒரு கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆரஞ்சு சிரப் கலந்த மாதிரி தண்ணீர். வழக்கம்போல இழுக்கவில்லை. அந்த நிலைமையிலும் நான் திட்டினேன்.

சில வாரங்களில் இருமல் அடங்கியது, மறுபடி எடுத்த கபத்தில் கிருமி இல்லை. பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. மீதி மாதங்களுக்கு மருந்தை வீட்டிலேயே, என் முன்னால் சாப்பிடலாம் என்றார்கள். அந்த நேரத்தில்தான் தைப்பூச விரதம் வந்தது. நோய் தீரவும் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவும் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். மஞ்சள் வேட்டி, மரக்கறிச் சாப்பாடு, தரையில் படுக்கை. நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் பஸ் வருவதற்கு முன்னால் எனக்கெதிரே நின்று மருந்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். நான் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஒரு விடுமுறை நாள் அவருக்குப் பிறகு கக்கூஸுக்குப் போனேன். தண்ணீர் இழுக்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் சாதாரணமாக இருந்தது. நிறையத் தண்ணீர் குடித்திருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவர் மருந்தைப் போட்டுத் தண்ணீர் குடித்ததும், "வாயத் தெறங்க" என்றேன். திறக்கவில்லை. தாடையைப் பிடித்துத் திறந்தேன். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே சிவப்புக் கேப்சூல் இருந்தது. இப்படித்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க இது?"

"மாடுமா அது" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "கவர்மெண்டு மருந்து, ஹலால். பன்னி இருக்காது. அப்ப அந்தக் கேப்சூலோட கூட்ட எதுல செய்வான்? மாட்டுலதானே? காவடிக் குழுவுல ஒரு அண்ணன் சொன்னாரு. வெரதத்துல அத எப்படிமா முழுங்குறது? மத்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் சொன்ன கணக்கில் ஓட்டை இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "முருகன் வந்து துப்பச் சொன்னாரா? ஒங்க மக இந்த வாசப்படி ஏறணுமா, வேணாமா?" என்று கத்தினேன். பஸ் வந்து ஹார்ன் அடித்தது. நான் போகவில்லை.

கிளினிக்கில் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். என் வீட்டுக்காரர் மலாயில் எல்லாவற்றையும் சொன்னார், டாக்டர் சிரிக்காமல் கேட்டார். அந்தக் கூடு மாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அதே மருந்து கூடு இல்லாமல் வெறும் மாத்திரையாகவும் இருக்கிறதாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன் என்றார். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே, ஒன்றில் தப்பிய கிருமியை மற்றது பிடிக்கத்தான். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தின்றால், கிருமி அந்த மருந்தோடு பழகிக்கொள்ளும். பிறகு வேறு மருந்து, இதைவிடக் கடுமையாக, இன்னும் நீண்ட காலத்துக்கு. திரும்பவும் கபம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை முகக்கவசம், கூட்டத்துக்குள் போகக்கூடாது. அப்படியென்றால் காவடியும் இல்லை.

வீடு வரும்வரை எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. மகளிடம் என்னவென்று சொல்வேன்?

ஒருவர் நேர்ந்ததை வீட்டில் இன்னொருவர் தீர்க்கலாம் என்பார்கள். தைப்பூசத்தன்று நான் பால்குடம் எடுத்தேன். அவர் முகக்கவசத்தோடு சாலைக்கு எதிர்ப்பக்கம் தனியாக ஒரு மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிளினிக் முடிவு நல்லபடியாக வரட்டும் என்பதைத் தவிர அன்று நான் முருகனிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

டாக்டர் மாற்றிக் கொடுத்த கூடு இல்லாத மாத்திரையைத் தொடங்கிய அன்றே சொல்லிவிட்டேன், "இழுக்காதீங்க. நான் பாக்கணும்."

"இத்தன வருசமா இழு இழுன்னு கத்துனே. இப்ப இழுக்காதேங்கிறே" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம். யார் வீட்டிலாவது ஒருத்தி அதைப் பார்த்து அழுதிருப்பாளா? நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு தினமும் வேலைக்குக் கிளம்புமுன் பார்த்துவிட்டு நானே தண்ணீர் இழுத்துவிட்டுப் போவேன். திட்டுவதே இல்லை.

முடிவு வரக் காத்திருந்த நாட்கள் லேசில் நகரவில்லை. கடைசியில் மிஸ்ஸியே போன் செய்தாள். அனுப்பிய கபத்தில் கிருமி வளரவில்லை, அதே மருந்து போதும், விட்டுப்போன நாட்களைச் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். "மகள கூப்புடலாங்கா" என்றாள். ஒன்பதாம் மாதம் மகள் வந்தாள். சம்பந்தியம்மாதான் கொண்டுவந்து விட்டார், எங்கள் வீட்டில் பசியாறிவிட்டுத்தான் போனார். பெண் குழந்தை பிறந்தது.

கடைசி மாத்திரையை விழுங்கி முடித்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் கக்கூஸுக்குப் போனால் தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. மறுபடியும் துப்பிவிட்டாரா? எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகுதான் நினைவு வந்தது. துப்புவதற்கு இனி மருந்தே இல்லை.

தண்ணீரை இழுத்துவிட்டேன். வெளியே வந்து, பல மாதத்துக்குப் பிறகு முழுத்தொண்டையில் கத்தினேன்.

"எத்தன தடவ சொல்றது? தண்ணி இழுக்க மாட்டீங்களா?"

"மெதுவா பேசுலா" என்றார் கூடத்திலிருந்து. திறந்த சன்னலுக்குக் கீழே அவர் மல்லாந்து படுத்திருக்க, நெஞ்சின் மேல் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.