முடியாது மேடத்தின் பதினொன்றாம் விதி

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. செல்போன் கம்பெனியின் ஏழாம் கவுண்டர் முன்னால் கால் கடுக்க நிற்பவர்களுக்கு அவள் ‘முடியாது மேடம்’. போன் பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று வருகிறவர்களிடம் முடியாது என்று சொல்வதுதான் பதினான்கு வருடமாக அவள் பார்க்கும் உத்தியோகம்.

பூட்டு என்றால் கண்ணுக்குத் தெரியும் பூட்டு இல்லை. அந்தக் கம்பெனியில் வாங்கிய போனில் அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் வேலை செய்யும். வேறு சிம் போட்டால் ஏற்கமாட்டேன் என்று திரையில் எழுத்து வரும். முன்பெல்லாம் ரிப்பேர் கடையில் கொடுத்துத் திறந்துகொள்வார்கள், யாரும் கேட்டதில்லை. அப்புறம் சட்டம் வந்தது. போன் உங்களுடையது, உள்ளே இருக்கும் பூட்டு கம்பெனியுடையது, அனுமதியில்லாமல் திறந்தால் குற்றம் என்றது. செருப்பை விற்றவன், ‘இந்தத் தெருவில் மட்டும்தான் நடக்கலாம்’ என்றிருந்தால் அந்தச் செருப்பாலேயே பதில் சொல்லியிருப்போம். போன் என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு படிவம் நிரப்பினோம்.

படிவத்தில் முதலில் பத்து விதிகள்தான் இருந்தன. பதினொன்றாவது அவளுடைய கைவரிசை. ஒரு கூட்டத்தில் எழுந்து, “சார், இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே வாரத்துல அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போகுது. போன் பூட்டைத் திறந்ததும் எழுந்து உட்கார்ந்துடறாங்க” என்றாள். மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்த மாதமே விதி அச்சாகி வந்தது: ‘பெற்றோரின் உடல்நலக் குறைவு, பூட்டைத் திறக்கப் போதுமான காரணமாகக் கொள்ளப்பட மாட்டாது.’ அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு. அது வீட்டுக் கூடத்தில் பத்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் அம்மா தனியாக இருப்பது நகரத்துக்கு வெளியே, மேட்டில் கட்டிய குடியிருப்பில். அங்கே அவள் கம்பெனியின் சிக்னல் குளியலறை ஜன்னலோரம் மட்டும் எட்டிப் பார்க்கும். ஒரு காலை அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். கையில் போன் இருந்தது, மகள் ஊழியர் சலுகையில் வாங்கித் தந்தது. இரண்டு மணி நேரம் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தபடி படியிலேயே கிடந்தாள். கீழ்வீட்டு அம்மாள் கடைக்குப் போய்த் திரும்பி வந்து, தன் போனில் மகளைக் கூப்பிட்டாள். அந்த அம்மாளுடையது வேறு கம்பெனி.

வேறு போன் வாங்கித் தரலாமே என்பீர்கள். அந்தப் போனில் பச்சைப் பொத்தான் எது, சிவப்பு எது என்று அம்மா பழகவே நான்கு மாதம் ஆயிற்று. இன்னொன்றைத் தொடவே மாட்டேன் என்றாள். ஆக, பூட்டைத் திறந்து சிம்மை மாற்றுவது ஒன்றே வழி. அடுத்த முறை அம்மா விழும்போது கீழ்வீட்டு அம்மாள் எங்கே இருப்பாளோ, யார் கண்டது?

முடியாது மேடம் சட்டத்தை மதிப்பவள். முறைப்படி விண்ணப்பித்தாள். சொந்தக்காரர் விண்ணப்பத்தைத் தானே பார்க்கக் கூடாது என்பதால் அது எட்டாம் கவுண்டர் அண்ணனிடம் போனது. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார்.

“காரணம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டிருக்கே.”

“நிஜமாவே விழுந்துட்டாங்க அண்ணா. இடுப்புல அடி.”

“எல்லாரும் நிஜமாத்தான்மா சொல்றாங்க. பதினொன்னாம் விதி இருக்கே. நான் என்ன பண்ண?”

“அது பொய் சொல்றவங்களுக்காக எழுதினதுண்ணா.”

“அப்படின்னு அதுல எழுதலையேம்மா” என்று முத்திரையைக் குத்தினார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து, “எதிர்க்கடைக்குப் போ. நம்ம ஆபீஸ் மொத்தமும் அங்கதான் திறந்துக்குது. மேலாளர் போன் உள்பட” என்றார்.

எதிர்க்கடை ரிப்பேர்காரரை இரண்டு வருடத்துக்கு முன் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒரு மாதம் கடையை மூட வைத்தவள் இவள்தான். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். மனுஷன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஆற அமரப் பார்த்தார்.

“காரணம் என்ன மேடம்?”

மென்று விழுங்கினாள். “அம்மாவுக்கு... உடம்பு சரியில்லை.”

“அது போதாதே மேடம்” என்றார். அவள் கண் கலங்கியதும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “குடுங்க, குடுங்க. எனக்கும் அம்மா இருக்காங்க” என்று வாங்கினார். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் பூட்டு திறந்துவிட்டது. பதினான்கு வருடமாக அவள் காவல் காத்த பூட்டு அவ்வளவுதான்.

புது சிம் போட்டதும் அம்மாவின் குரல் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் கேட்டது.

“எப்படிம்மா சரியாச்சு?”

“ஆபீஸ்ல சொன்னேன்மா. உடனே பண்ணிக் குடுத்துட்டாங்க.”

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் பெண் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனியே கேட்கும் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லி முடித்தாள்.

அடுத்த வாரம் ஏழாம் கவுண்டர் வரிசையில் கீழ்வீட்டு அம்மாள் நின்றாள். கையில் இந்தக் கம்பெனியின் புதுப் போன், அவள் மகன் வாங்கித் தந்தது. “என் சிம்மை ஏத்துக்க மாட்டேங்குதும்மா. உங்கம்மாதான் அனுப்பினாங்க. அவங்களுக்குப் பண்ணிக் குடுத்தியாமே!” என்றாள் கணீரென்று. வரிசையே நிமிர்ந்து பார்த்தது. எட்டாம் கவுண்டர் அண்ணன் திடீரென்று ஏதோ காகிதத்தில் மூழ்கினார். மேலாளர் அறைக் கதவு திறந்திருந்தது.

எதிர்க்கடை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“முடியாதுங்க” என்றது வாய்.

அந்த அம்மாள் வாதாடவில்லை. “சரிம்மா, உனக்கு என்ன கஷ்டமோ” என்று சொல்லிவிட்டுப் போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே போய், ரிப்பேர் கடை வாசலிலேயே, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். திரும்பிப் பார்த்துவிடேன், திரும்பிப் பார்த்துவிடேன் என்று இவள் கண்ணாடி வழியே மனதுக்குள் கெஞ்சினாள். பஸ் வந்தது. அந்த அம்மாள் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். “கீழ்வீட்டம்மா வந்தாங்களா? பண்ணிக் குடுத்தியா? பாவம், அன்னைக்கு அவங்க இல்லைன்னா நான் இல்லை.”

அம்மா மூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

“அம்மா, ஒண்ணுமே கேக்கலை. சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.