காட்ஸ்டனின் பேனாவும் லெமுவேலின் தாளும்

பிரெண்டிஸ் காட்ஸ்டனுக்கு இசை நோட்டு வாசிக்கத் தெரியாது. தெற்கு சிகாகோவில் ஜாஸ் வாசிக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனால் அவன் பேண்டில் வேலை வேண்டுமே, எவன் வாயைத் திறப்பான்? பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்று குச்சியை ஆட்டுவான், பல்லைக் காட்டுவான். அவன் சங்கீதம் அவ்வளவுதான்.

அவனிடம் எட்டு வருடமாக டிராம்போன் ஊதியவன் லெமுவேல் டீல். 'மழைநாள் சலவை' என்ற பாட்டை எழுதியவனும் அவனே. அது அச்சில் வந்தபோது இயற்றியவர் என்ற இடத்தில் காட்ஸ்டன் பெயர் இருந்தது. லெமுவேலின் மனைவி ஆர்டெலியாவுக்கு அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை.

"போய்க் கேளுய்யா. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"விடுடி. இருக்குற வேலையும் போயிடும்."

தொடைநடுங்கி, என்று நினைத்துக்கொண்டாள்.

ஆர்டெலியா நாற்பத்தேழாம் தெரு ஸ்டுடியோவில் நெகட்டிவ் திருத்துகிறவள். பென்சிலால் தீட்டினால் படத்தில் வெளுக்கும். கத்தியால் சுரண்டினால் கறுக்கும். ஊரிலுள்ள வாத்தியக்காரர்களின் அம்மைத் தழும்பும் இரட்டைத் தாடையும் அவள் கையில்தான் காணாமல் போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை காட்ஸ்டன் படம் எடுக்க வந்தான். பியானோ முன்னால் உட்கார்ந்து, கையில் பேனா, நெற்றியில் விரல், பெரிய மேதை மாதிரி. கையால் எழுதிய தாள் இருந்தால்தான் படம் எடுபடும் என்று ஸ்டுடியோக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு இவன் எங்கே போவான்? ஒத்திகை அறையில் அகப்பட்டதை உருவி வந்திருந்தான்.

"ஏம்மா, என் மூஞ்சிய நல்லா வெளுப்பாக்கு. ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது."

"பேப்பர என்ன பண்ண?"

"அத எவன் பாக்கப் போறான்? நீ மூஞ்சியப் பாரு."

மறுநாள் நெகட்டிவில் தாளின் மூலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். புருஷனின் கையெழுத்து. 'மழைநாள் சலவை, இயற்றியது லெமுவேல் டீல்.' கீழே தேதி. பாட்டு அச்சேறியதற்கு ஒரு வருடம் முந்தையது. எழுத்து மங்கலாக விழுந்திருந்தது. முகத்துக்குப் பென்சிலை எடுத்தாள், சுருக்கம் ஒன்று விடாமல் தீட்டினாள். பிறகு கத்தியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டிக் கறுப்பாக்கினாள்.

காட்ஸ்டன் நானூறு பிரதி வாங்கினான். தன் முகத்தைப் பார்த்துத் தானே பூரித்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, கிளப்புக்கும் ரேடியோவுக்கும் பதிப்பாளருக்கும் அனுப்பிவைத்தான். ஒரே வாரத்தில் முடிவெட்டும் கடை வரைக்கும் சிரிப்பு.

மூச்சிரைக்க ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தான். "அந்தப் பேர அழிச்சுத் தொலடி!"

"அழிச்சிடலாம் சார். நானூறு பேர் வீட்டுக்கும் போய் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வாங்க."

அந்தச் சனிக்கிழமை மேடையில், வேறு வழியில்லாமல், பாட்டை எழுதியவர் பெயரைச் சொன்னான். எட்டு வருடம் தன்னிடம் ஊதியவனை "சாமுவேல் டீல்" என்றான்.

"லெமுவேல்!" என்று பின்வரிசையில் எழுந்து நின்று கத்தினாள் ஆர்டெலியா. "தெரியலேன்னா படத்தப் பாத்துப் படிய்யா!"