சடையண்ணன் மிதித்தது பிரேக்கைத்தான்

கொல்லிமலைக்கு அருவி பார்க்கப் போகிறவர்கள் உண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு, மிளகு மலிவாகக் கிடைக்கும் என்று பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் 2006 டிசம்பரில் போனது பழைய இரும்பு எடுத்துவர. சிரிக்காதீர்கள். பட்டாளம் கழித்துப்போட்ட ஜீப்புகளைத் தேடி வாங்கி, பிரித்து, தேய்த்து, மறுபடி பூட்டி ஓட்டுகிற பைத்தியங்கள் நாட்டில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். அந்த வகை ஆள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மற்றவர்களுக்குப் பேருந்து நேரமாவது உதவும்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு முன்கண்ணாடி மாட்டும் கடை வைத்திருக்கிறேன். 1997-ல் ஒரு கோழிப்பண்ணைக்காரரிடமிருந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜீப் ஒன்றை வாங்கினேன். வாங்கும்போது பின்சீட்டில் கோழி முட்டை இட்டிருந்தது. அதைப் பழையபடி ஆக்க ஏழு வருடம் ஆனது. புது போல்ட்டு போட்டால் பாவம் என்பதுபோல அந்தக் காலத்து போல்ட்டாகத் தேடினேன். சென்னைப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் குந்தியே கிடந்து ஒரே ஒரு வாஷரோடு வீடு திரும்பியிருக்கிறேன். "உங்களுக்கு மரை கழண்டு ரொம்ப நாளாச்சு, அதையும் பழசாவே தேடிப் போட்டுக்கங்க" என்பாள் என் மனைவி.

1999-ல் கொல்லிமலைமேல் சோளக்காட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதே மாடல் ஜீப் ஒன்று பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. டாஷ்போர்டில் பட்டாளத்து எண் பொறித்த தகடு அப்படியே இருந்தது. அதன் சொந்தக்காரர்தான் சடையண்ணன். வளப்பூர் நாட்டில் (மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) மிளகும் மரவள்ளியும் பயிரிடுகிறவர். ஊரில் பாதிப் பேருடைய மூட்டை அந்த ஜீப்பில்தான் சோளக்காட்டுக்கு வரும். பிரசவ வலி எடுத்தாலும் அதில்தான் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். எனக்குப் பொம்மை, அவருக்குப் பிழைப்பு. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே இல்லை.

வருடத்துக்கு மூன்று தடவை மலையேறி அந்த ஜீப்பை நானே பழுதுபார்ப்பேன். காசு வாங்கமாட்டேன். அவர் வீட்டில் களியும் கீரையும் சாப்பாடு. வேலை முடிந்து அவர் ஸ்டார்ட் செய்யும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சந்தோஷமான நாட்கள், சொல்வதற்கென்ன.

2004 ஜனவரியில் சென்னையில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. பழுப்பு மெழுகுத்தாளில் சுற்றி, கறுப்பு மையில் எண் குத்திய ராணுவப் பொட்டலங்கள். உள்ளே பிரேக் ரப்பர்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பிரிக்கப்படாதவை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பிரேக்கை மிதித்தால் எண்ணெய் ஓடிச் சக்கரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் வட்டத்தைத் தள்ளும். ஒரு ரூபாய்க் காசு அகலம்தான் இருக்கும். அது தள்ளினால்தான் வண்டி நிற்கும். அது கிழிந்தால் எண்ணெய் வெளியே ஓடிவிடும், கால் தரைவரை போகும், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

என் ஜீப்புக்கு ஒரு செட் மாட்டினேன். இன்னொரு செட்டை விற்றிருந்தால் பெங்களூர் ஜீப் பைத்தியங்கள் நான் சொன்ன விலை கொடுத்து வாங்கியிருப்பார்கள். நான் அதைச் சடையண்ணனுக்குக் கொண்டுபோனேன். என்னிடம் இருந்ததிலேயே உசத்தியான பொருள் அது. அவர் வண்டியில் ஆறு மாதத்துக்கு முன் போட்ட உள்ளூர் ரப்பர் ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாகவே இருந்தது.

"நல்லாத்தானுங்களே இருக்குது தம்பி, அதயேன் கழட்டறீங்க?" என்று கேட்டார்.

"இது மிலிட்டரி சரக்குண்ணா. உங்க பேரன் காலத்துக்கும் வரும்" என்றேன். என் வாயில் மண்ணைப் போட!

ஆகஸ்டில் ஒரு காலை என் ஜீப்பின் பின்சக்கரத்துக்குக் கீழே எண்ணெய் தேங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ரப்பரின் விளிம்பு காய்ந்த வடகம் மாதிரி வெடித்திருந்தது. பொட்டலத்துக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். இது லாரியில் கிளீனராக இருக்கிறவனுக்குக்கூடத் தெரியும். பழசு பழசு என்று ஆடிய எனக்குத்தான் தெரியவில்லை. அன்று சாயங்காலமே என் வண்டிக்குப் புது ரப்பர் மாட்டிவிட்டேன்.

சடையண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதா? தோன்றியது. அவர் ஊரில் போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். பிறகு கடையில் வேலை. பிறகு, அவர் வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு எண்ணம், எங்கிருந்து வந்ததோ! நவம்பரில் கண்ணாடி மாற்ற வந்த ஒரு லாரி டிரைவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், சோளக்காட்டுக்குப் போகும் இறக்கத்தில் ஒரு பழைய பட்டாளத்து ஜீப் உருண்டுவிட்டது என்று. மூட்டை மேல் உட்கார்ந்திருந்த, ஓட்டியவரின் மருமகனுக்கு ஒரு கால் போய்விட்டதாம். கிழவனுக்கு விலா எலும்பு முறிந்ததோடு சரி என்றார்.

அதற்கும் நான் போகவில்லை. இரண்டு வருடம்.

இந்த டிசம்பரில் போனதும் யோக்கியமான காரணத்துக்கு இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். உருண்ட ஜீப்பை எடைக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தகடும் கியர்ப்பெட்டியும் காயலான் கடைக்குப் போய்விடுமே என்ற பதைப்பில்தான் ஸ்பேனர் பையைத் தூக்கினேன்.

நாமக்கல்லில் காலை 5.40-க்குப் பேருந்து. கட்டணம் 21 ரூபாய். சேந்தமங்கலம் வழியாக அடிவாரம் காரவள்ளிக்கு 6.50. அங்கே டீக்கு எட்டு நிமிடம் நிற்கும்; மலைமேல் வயிறு புரட்டுகிறவர்கள் டீயைத் தவிர்ப்பது நல்லது. அதற்குப் பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. முன்பெல்லாம் ஜன்னலோரம் பிடித்து எண்ணிக்கொண்டே போவேன். இந்தத் தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் டிரைவரின் வலதுகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, வாந்தி வருதுங்களா? மொகமே சரியில்லீங்க" என்று கண்டக்டர் ஒரு பாலித்தீன் பையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

சோளக்காடு 8.10. அன்னாசியும் மலைவாழையும் குவிந்து கிடந்தன. வளப்பூர் நாட்டுப் பக்கம் போகும் பேருந்து ஒன்பதுக்கு வந்தது. இறங்கி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை நடை. செருப்பு போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சடையண்ணன் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். "வாங்க தம்பி, வளி தெரிஞ்சுதுங்களா?" என்றதோடு சரி. இரண்டு வருடமாக ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜீப் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் கிடந்தது. லாரிக்காரர்கள் கயிறு கட்டிப் பள்ளத்திலிருந்து இழுத்துப் போட்டார்களாம். வண்டியின் அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங் சீட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தகட்டைக் கழற்றினேன். கியர்ப்பெட்டிக்குப் போவதற்கு முன் இடது பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து காய்ந்த கறுப்புத் தடம். கை தானாகவே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டது. பிரேக் டிரம்மைத் தட்டி எடுத்து, ரப்பர் உட்கார்ந்திருக்கும் சிலிண்டரைப் பிரித்தேன். ரப்பர் உள்ளங்கையில் விழுந்தது. விளிம்பில் பாதியைக் காணோம்.

சடையண்ணன் பக்கத்தில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தானாகவே பேச ஆரம்பித்தார்.

"என்ற தப்புத்தானுங்க தம்பி. பிரேக்குன்னு நெனச்சுக் கிளச்ச மிதிச்சுப்போட்டேன். காலு பொசுக்குனு தரைக்குப் போயிருச்சு. கிளச்சுத்தானுங்களே அப்படிப் போவும்? ரெண்டு வருசமா வண்டியத் தொடுலீங்க."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"ஊருல குடிச்சுப்போட்டு ஓட்டுனேன்னாங்க. அன்னிக்குச் சாராயத்தத் தொடுவேயில்லீங்க. ஆனா கிளச்சு மிதிச்சது நெசந்தானுங்களே? எம் மவ பளனியம்மா எங்கூடப் பேசறதே இல்ல. மருமவன் மாணிக்கம் ஏணி ஏற முடியாது, மொளகு பறிக்க முடியாது. எந்த மொகத்த வெச்சுக்கிட்டு அவ ஊட்டுப் படி மிதிப்பேன்?"

இங்கே மிளகுக்கொடியை உயரமான மரங்களில் ஏற்றிவிடுவார்கள். ஒற்றை மூங்கிலில் கணுவுக்கு ஒரு படி விட்ட ஏணியைச் சாய்த்து ஏறிப் பறிக்க வேண்டும். ஒற்றைக் காலால் ஆகிற வேலை இல்லை.

சொல்லிவிட்டேன். மெழுகுத்தாள் பொட்டலம், என் ஜீப்புக்குக் கீழே தேங்கிய எண்ணெய், ஆகஸ்ட் மாதம், மழை, கல்யாணம், எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரை அவர் கையில் வைத்தேன். "நீங்க பிரேக்கத்தான் மிதிச்சீங்கண்ணா. பிரேக்கு இல்ல."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ரப்பரை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "இத எம் மவகிட்ட வந்து சொல்றீங்களா? இன்னிக்குச் செம்மேட்டுச் சந்தை. கடை போட்டிருப்பா" என்றார். அவர் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. உள்ளே ஓடிப்போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

செம்மேட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழி நெடுக ரப்பரைக் கைக்குட்டையில் முடிந்து கையிலேயே வைத்திருந்தார். சந்தைக்கு வெளியே நின்றுவிட்டார். "நீங்க போய்ச் சொல்லுங்க. நான் வந்தா எந்திரிச்சுப் போயிருவா" என்று கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார்.

பழனியம்மா மிளகையும் கடுக்காயையும் குவித்து வைத்திருந்தார். பக்கத்தில் மாணிக்கம், கட்டைக் காலை நீட்டி உட்கார்ந்து எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். தப்பு முழுக்க என்னுடையது, உங்கள் அப்பா மேல் ஒரு துளி தப்பு இல்லை என்றேன். ரப்பரைக் காட்டினேன். மாணிக்கம் எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தம்மா சந்தை வாசலை எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை தெரிந்துவிட்டது.

"ஏனுங்ணா, அவுரு கூட்டியாந்தாருங்களா?"

"ஆமாங்க, ஆனா நானாத்தான்…"

"நீங்க நல்லவருங்க. எங்கப்பனுக்குக் காசு வாங்காம வண்டி பாத்துக் குடுப்பீங்கன்னு தெரியுமுங்க. அவுருக்காவப் பொய் சொல்ல வந்திருக்கீங்க."

"பொய் இல்லம்மா. சத்தியமா."

"தப்பு உங்களுதுன்னா அன்னிக்கே வந்திருக்க மாட்டீங்களா? இவுரு ஆசுபத்திரியில நாப்பது நாளு கெடந்தாரு. மனுசனா இருந்தா ஒரு எட்டு வந்து பாக்க மாட்டீங்களா? தப்பு செஞ்சவன் ரெண்டு வருசம் சும்மா இருந்துபோட்டு, ரப்பரத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்கு வருவானுங்களா?"

நான் செய்ததை எந்த மனுஷனும் செய்திருக்கமாட்டான் என்று அந்தம்மா நம்பினார். என்னை நல்லவன் என்று முடிவு கட்டியதால் அப்பனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். மறுபடி மறுபடி சொன்னேன். மிளகு வாங்க ஆள் வந்துவிட்டது. "தள்ளிக்குங்ணா, யாவாரத்தப் பாக்கோணும்" என்றார்.

வாசலில் சடையண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். பேருந்து நிலையம்வரை நடந்தோம். நாமக்கல் பேருந்து நின்றிருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நெசமாலுமே அந்த ரப்பருத்தானுங்களா? இல்ல, நான் மனசொடிஞ்சு கெடக்கறனேன்னு சொன்னீங்களா?"

"ஐயோ, நெசந்தாண்ணா! பிரேக்குத்தான் மிதிச்சீங்க!"

"செரி, செரி" என்றார். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல மனசு உங்களுக்கு. ஆனா என்ற காலு எனக்குத் தெரியுமில்லீங்களா? கிளச்சுத்தான் தம்பி."

வண்டி கிளம்பிவிட்டது. எழுபது வளைவும் இறங்கி முடியும்வரை நான் நிமிரவில்லை. ரப்பர் முடிந்த கைக்குட்டை என்னிடமே இருந்தது. தகட்டை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன், கியர்ப்பெட்டியையும் கழற்றவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம், ஒன்றுமில்லை.

பழைய பட்டாளத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு: தகடு பழசாக இருக்கட்டும், பெயின்ட் பழசாக இருக்கட்டும், போல்ட்டுகூடப் பழசாக இருக்கட்டும். ரப்பர் மட்டும் புதிதாகப் போடுங்கள், எந்த மெழுகுத்தாளில் சுற்றி வந்தாலும் சரி. ஓடுகிற வண்டியில் நன்றாக இருக்கிற பொருளைக் கழற்றாதீர்கள். அடுத்தவர் வண்டியில் நீங்கள் மாட்டிய பொருள் கெட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து முதல் பேருந்து 5.40. சோளக்காடுவரை இரண்டரை மணி நேரம், 21 ரூபாய். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் மழை பெய்தாலும் நிறுத்தமாட்டார்களாம், கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.